வகுப்பறையில் பிள்ளைகளின் மனசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடம் வகுப்பு எடுத்தேன், இப்போது ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. எங்கே போனாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிவைத்து, என்னால் முடிந்த அளவு நேராகப் பதில் சொல்லியிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைத் தொட்டுப் போகும் என்பதால் வரிசையாகப் படித்தால் நல்லது.

"சமூக, உணர்வு வளர்ச்சி என்கிறார்களே, அது நன்னெறி வகுப்புக்குப் புதுப் பெயரா?"

இல்லை. ஒரு பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதை நன்னெறி வகுப்பு சொல்லும். அதைச் செய்யவிடாமல் குறுக்கே வந்து நிற்கும் கோபத்தையும் பயத்தையும் என்ன செய்வது என்று பெரும்பாலும் சொல்லாது. அடிக்கக் கூடாது என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும், தெரிந்தும் கை ஓங்கிவிடுகிறது. கை ஓங்குவதற்கு முந்தைய இரண்டு நொடியில் உள்ளுக்குள் என்ன நடக்கிறது, அந்த இடத்தில் வேறு என்ன செய்ய முடியும் என்று பழக்குவதைத்தான் இந்தப் பெயரில் சொல்கிறோம்.

1994-ல் அமெரிக்காவில் தொடங்கிய காசெல் என்ற அமைப்பு இதை ஐந்து திறன்களாகப் பிரிக்கிறது: தன் உணர்வை அறிவது, அதைக் கையாள்வது, அடுத்தவர் நிலையைப் புரிந்துகொள்வது, உறவைப் பேணுவது, பொறுப்போடு முடிவெடுப்பது. தாளில் ஐந்தும் தனித்தனியாகத் தெரியும், ஆனால் ஒரே பந்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்ளும்போது ஐந்தும் ஒரே நிமிடத்தில் தேவைப்பட்டுவிடும்.

"இதெல்லாம் வீட்டில் கற்றுக்கொடுக்க வேண்டியது, பள்ளிக்கூடம் ஏன் தலையிடணும்?"

வீட்டில்தான் தொடங்குகிறது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தன் வயதுள்ள முப்பது பேர், எல்லாருக்கும் ஒரே ஆசிரியர், தனக்குப் பிடிக்காதவன் பக்கத்திலேயே உட்கார வேண்டிய கட்டாயம், இப்படி ஒரு சூழலை எந்த வீடும் கொடுக்க முடியாது. முறை வரும்வரை காத்திருப்பதும், தோற்றுவிட்டு மறுநாளும் அதே குழுவில் விளையாடுவதும், தன்னை விட்டுவிட்டுப் போன தோழியிடம் மறுபடி போய்ப் பேசுவதும் அங்கேதான் பழக முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் தலையிடாமல் இருக்கவே முடியாது. தவறான பதில் சொன்ன பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரிக்கும்போது ஆசிரியர் பேசாமல் நின்றால், அதுவும் ஒரு பாடம்தான்.

"போர்ஷன் முடிக்கவே நேரம் இல்லை. இதற்கும் நேரம் ஒதுக்கினால் மார்க் குறைந்துவிடாதா?"

எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதலில் எழும் கேள்வி இது, கேட்பதில் நியாயமும் இருக்கிறது. 2011-ல் ஜோசப் டர்லாக்கும் அவருடைய குழுவினரும் பள்ளிகளில் நடந்த 213 திட்டங்களை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தார்கள், அவற்றில் இருந்த மாணவர்கள் 2,70,000-க்கும் மேல். பங்கெடுத்தவர்களின் நடத்தையும் மனநிலையும் மேம்பட்டன, அதோடு படிப்பிலும் 11 பெர்சென்டைல் புள்ளி முன்னேற்றம் தெரிந்தது. அதாவது நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை பதினோரு இடம் முன்னே போவது போல. வகுப்பு ஆசிரியர்களே நடத்திய திட்டங்களும் நன்றாகப் பலன் தந்தன, வெளியிலிருந்து நிபுணர் வந்தாக வேண்டும் என்றில்லை.

இதே ஆய்வில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. படிப்படியாகவும், பிள்ளைகளைச் செய்ய வைத்தும், இதற்கென்றே நேரம் ஒதுக்கி, எந்தத் திறன் என்று தெளிவாக வைத்துக்கொண்டும் நடத்தியவைதான் நல்ல பலன் கொடுத்தன. அரைகுறையாக, ஆளுக்கொரு விதமாக நடத்திய இடங்களில் பலன் மங்கிப்போனது. சுவரில் நான்கு சிரித்த முகப் படங்களை ஒட்டினால் எந்த மார்க்கும் ஏறாது.

"எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்? என் மகனுக்கு ஆறு வயது, இன்னும் தோற்றால் அழுகிறான்."

ஆறு வயதில் தோற்றால் அழுவது இயல்பு. உணர்ச்சி வேகத்தைக் கட்டுப்படுத்துவதிலும் திட்டமிடுவதிலும் பெரும் பங்கு வகிக்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் ஒரு பத்து வயதுப் பிள்ளை நேற்று அடக்கிக்கொண்டதை இன்று அடக்க முடியாமல் போகலாம். வளர்ச்சி அப்படி ஏறி இறங்கித்தான் போகும்.

வயதை விடப் போக்கைப் பாருங்கள். முன்பு அரை மணி நேரம் அழுதவன் இப்போது பத்து நிமிடத்தில் அடங்குகிறானா? முன்பு அடித்தவள் இப்போது கத்துகிறாளா? கத்துவது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் கையிலிருந்து வாய்க்கு வந்திருப்பது பெரிய நகர்வு, அதைக் கவனித்துச் சொல்ல வேண்டும்.

"சரி, ஒரு சாதாரண வகுப்பு ஆசிரியர் நாளையிலிருந்து என்ன செய்யலாம்?"

வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி உள்ளே வரவேற்கலாம். இரண்டே நிமிடம் ஆகும், யார் முகம் இன்று சரியில்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம், உங்களுக்கு மிகவும் சிரமம் கொடுக்கும் பிள்ளை எது என்று யோசித்து, படிப்பையோ நடத்தையையோ பற்றி இல்லாமல், அந்தப் பிள்ளைக்குப் பிடித்ததைப் பற்றித் தினமும் கொஞ்ச நேரம் பேசுங்கள். முதல் வாரம் ஒற்றை வார்த்தையில்தான் பதில் வரும். விட்டுவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது உணர்வுகளுக்குப் பெயர் கொடுப்பது. பிள்ளைகளிடம் "கோபம்" என்ற ஒரே வார்த்தைதான் பெரும்பாலும் கையில் இருக்கிறது. அவமானம், பொறாமை, ஏமாற்றம், ஏக்கம், தனிமை எல்லாமே கோபமாகவே வெளியே வந்துவிடுகின்றன. "உன்னை விளையாட்டில் சேர்க்காதது அவமானமா இருந்ததா, இல்லை ஏமாற்றமா?" என்று கேட்டுப் பாருங்கள், சில பிள்ளைகள் கொஞ்சம் யோசித்து மிகத் துல்லியமாகச் சொல்வார்கள். 2007-ல் மேத்யூ லீபர்மன் குழு பெரியவர்களிடம் நடத்திய மூளை ஸ்கேன் ஆய்வில், முகத்தில் தெரியும் உணர்வுக்குப் பெயர் சொன்னபோது பயம் போன்ற உணர்வுகளில் துடிப்பாகும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் வேகம் குறைந்தது தெரிந்தது. பெயர் வைத்ததும் உணர்வின் பிடி கொஞ்சம் தளர்கிறது. தாய்மொழியில் இதற்கு எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன, அத்தனையையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

"கோபத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கத்துகிற பிள்ளையிடம் அந்த நேரத்தில் என்ன பேசுவது?"

அந்த நேரத்தில் மிகக் குறைவாகப் பேசுங்கள். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்பது அப்போது கேட்கக் கூடாத கேள்வி. அந்த நிலையில் பிள்ளையால் யோசித்துப் பதில் சொல்ல முடியாது, வாய்க்கு வந்ததைச் சொல்லும், அதைப் பிடித்துக்கொண்டு நாமும் இன்னொரு சண்டை போடுவோம். மற்ற பிள்ளைகளைக் கொஞ்சம் விலக்கி நிற்கவைத்து, குரலைத் தாழ்த்தி, பக்கவாட்டில் நின்றோ உட்கார்ந்தோ, "நான் இங்கேயே இருக்கிறேன், யாருக்கும் அடிபட விடமாட்டேன்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். சிறு பிள்ளைகள் தாங்களாக அமைதியாவதற்கு முன்னால் இன்னொருவரின் அமைதியைக் கடன் வாங்கித்தான் பழகுகிறார்கள், நம் மூச்சு சீராக இருந்தால் கொஞ்ச நேரத்தில் அவர்களுடையதும் சீராகும்.

பேச்சு அப்புறம். அரை மணி நேரம் கழித்தோ, சில பிள்ளைகளுக்கு மறுநாளோகூட. அப்போது முந்தைய பதிலில் சொன்ன மாதிரி உணர்வுக்குப் பெயர் தேடலாம், தள்ளிவிட்ட நாற்காலியை எடுத்து வைக்கவும் சொல்லலாம். உணர்வை ஏற்றுக்கொள்வது என்றால் நடத்தையை விட்டுவிடுவது என்று அர்த்தம் கிடையாது.

"அடித்த பிள்ளையை 'ஸாரி சொல்லு' என்று சொல்ல வைப்பது சரியா?"

கட்டாயப்படுத்தி வாங்கும் ஸாரியால் பெரியவர்களுக்குத்தான் நிம்மதி. அடிபட்ட பிள்ளைக்கு அது பொய் என்று தெரியும், அடித்த பிள்ளைக்கு அந்த வார்த்தையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று தெரியும். "அவன் இப்போ எப்படி இருக்கான்னு பார். அவனுக்கு இப்போ என்ன வேணும்னு கேள்" என்று சொல்லிப் பாருங்கள். கிழித்த தாளை ஒட்டிக் கொடுப்பது, கீழே கொட்டியதைச் சேர்ந்து பொறுக்குவது, அடுத்த ஆட்டத்தில் முதல் வாய்ப்பை விட்டுக்கொடுப்பது, இப்படி எதையாவது சரிசெய்யும் வேலையைக் கொடுத்தால் ஸாரி பல தடவை தானாகவே வந்துவிடுகிறது.

"என் மகள் யாரோடும் சண்டை போடமாட்டாள், அமைதியாக இருப்பாள். இவளுக்கு இதெல்லாம் தேவையா?"

அமைதி பல வகை. தனியாக இருப்பது பிடித்து, ஒன்றிரண்டு நல்ல தோழிகளோடு நிறைவாக இருக்கும் பிள்ளையை நாம் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை, "கலகலப்பாக இரு" என்று நச்சரிப்பது தவறும்கூட. ஆனால் சேர ஆசைப்பட்டு, எப்படிச் சேர்வது என்று தெரியாமல் ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்கு உதவி வேண்டும். இடைவேளையில் அவள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று கவனியுங்கள். விளையாடுபவர்களையே பார்த்துக்கொண்டு நின்றால் அவளுக்கு ஏக்கம் இருக்கிறது.

வீட்டில் வாய் ஓயாமல் பேசும் பிள்ளை பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால் அதைக் கூச்சம் என்று தள்ளிவிடாதீர்கள். தேர்ந்தெடுத்த மௌனம் என்று ஒரு பதற்றக் கோளாறு உண்டு, பேச முடியாமல் போவது அது, பிடிவாதம் கிடையாது. சீக்கிரம் நிபுணரிடம் காட்டினால் நன்றாக மாறும். வகுப்பில் எழுப்பி நிற்கவைத்துப் பேசச் சொல்லி வற்புறுத்தினால் இன்னும் இறுகும்.

"நிறையப் பாராட்டினால் தன்னம்பிக்கை வரும்தானே?"

எதைப் பாராட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. கிளாடியா மியூலரும் கேரல் ட்வெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை "நீ புத்திசாலி" என்றும் வேறு சிலரை "நீ கடினமாக முயற்சி செய்தாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்து கஷ்டமான புதிர்கள் வந்து தோற்றபோது, புத்திசாலி என்று கேட்டவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள், முயற்சிக்குப் பாராட்டு பெற்றவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். மனசு சம்பந்தப்பட்ட விஷயத்திலும் இதே மாதிரி செய்யலாம் என்பது என் அனுபவம்: "நல்ல பிள்ளை" என்பதை விட "அவன் தள்ளிவிட்டபோது நீ திருப்பி அடிக்காமல் என்னிடம் வந்தாயே, அதைப் பார்த்தேன்" என்பது பல நாள் நிற்கும்.

"பிள்ளைகளுக்குள் சண்டை சகஜம் என்கிறார்கள். அது எப்போது கொடுமையாகிறது?"

மூன்று விஷயங்களைப் பாருங்கள். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரண்டு பக்கமும் பலம் சமமாக இல்லாமல் இருப்பது. நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ் கொடுத்த வரையறை இது. 1982-ல் அங்கே மூன்று சிறுவர்கள் சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் உயிரை விட்டார்கள் என்று நம்பப்பட்டதால், மறுவருடமே நாடு முழுக்க ஒரு இயக்கம் தொடங்கியது. பலம் என்பது உடம்பு பலம் மட்டும் இல்லை. நண்பர் கூட்டம், நல்ல பேச்சு, போனில் இருக்கும் ஒரு படம், எல்லாமே பலம்தான். சமபலம் உள்ள இருவரின் சண்டையில் இருவரையும் உட்காரவைத்துப் பேசலாம். கொடுமையில் அப்படி எதிரெதிரே உட்காரவைத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளை இன்னும் பயந்துபோகும், முதலில் அதைத் தனியாகக் கேட்டுப் பாதுகாப்பு கொடுக்க வேண்டும்.

பெரியவர்கள் அடிக்கடி மறந்துவிடுவது, சுற்றி நிற்பவர்களை. கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து 2001-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இப்படிப்பட்ட சம்பவங்களில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், 19 சதவீதத்தில்தான் யாராவது குறுக்கே வந்தார்கள். ஆனால் அப்படி வந்தபோது பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து நொடிக்குள் அது நின்றுவிட்டது. பத்து நொடி! பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2009-லிருந்து நாடெங்கும் பரவிய கிவா திட்டம் இந்த வேடிக்கை பார்ப்பவர்களை மாற்றுவதையே மையமாக வைத்தது. கொடுமைப்படுத்துபவனை எதிர்த்து நிற்கும் தைரியம் எல்லாருக்கும் வராது, அதை எல்லாரிடமும் கேட்கவும் வேண்டாம். சிரிக்காமல் இருக்கலாம், பாதிக்கப்பட்டவளைக் கையைப் பிடித்து வேறு பக்கம் கூட்டிப் போகலாம், ஒரு பெரியவரிடம் சொல்லலாம். இவற்றை வகுப்பில் நடித்துப் பார்க்கவைத்தால் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் கால் நகரும்.

"அப்படியென்றால் தண்டனையே கூடாதா? பேசிப் பேசியே எல்லாம் சரியாகிவிடுமா?"

விளைவு கட்டாயம் இருக்க வேண்டும். ஸாரி பற்றிய பதிலில் சொன்ன சரிசெய்யும் வேலையும் ஒரு விளைவுதான். அடிப்பதும் வகுப்பு முன்னால் அவமானப்படுத்துவதும் கூடவே கூடாது, பலம் உள்ளவர் இல்லாதவரை எப்படி நடத்தலாம் என்பதைத்தான் அவை கற்றுக்கொடுக்கின்றன.

தண்டிப்பதற்குப் பதில் சம்பந்தப்பட்டவர்களை உட்காரவைத்துப் பேசி உறவைச் சரிசெய்யும் முறைகள் மந்திரம் மாதிரி வேலை செய்யும் என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 44 பள்ளிகளில் இரண்டு கல்வியாண்டுகள் இதைச் சோதித்து ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2018-ல் முடிவு வெளியிட்டது. பள்ளியிலிருந்து பிள்ளைகளை இடைநீக்கம் செய்வது குறைந்தது, பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள், ஆனால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களின் படிப்பு கொஞ்சம் பின்வாங்கியது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, சண்டை வந்த பிறகு வட்டமாக உட்கார்ந்து பேசுவது மட்டும் போதாது, வகுப்பின் ஒழுங்கும் பாடம் நடப்பதும் அதோடு சேர்ந்தே காக்கப்பட வேண்டும்.

"எல்லாப் பிள்ளைகளுக்கும் தியானம், மூச்சுப் பயிற்சி கொடுத்தால் போதும் என்கிறார்களே?"

பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தால் செய்யலாம், போதும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் அதிகமான மாணவர்களோடு நடந்த மிரியட் என்ற பெரிய சோதனையின் முடிவு 2022-ல் வந்தது. மனம் ஒருமுகப்படுத்தும் பயிற்சி பெற்றவர்களின் மனநலத்துக்கும், அந்தப் பள்ளிகளில் வழக்கமாக நடக்கும் பாடங்களைப் படித்தவர்களின் மனநலத்துக்கும் வித்தியாசம் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்துபார்க்கவே இல்லை.

விருப்பமில்லாத பிள்ளையைக் கண்ணை மூடு என்று கட்டாயப்படுத்தாதீர்கள். சில பிள்ளைகள் பயங்கரமான விஷயங்களைப் பார்த்து வந்திருப்பார்கள், கண்ணை மூடினால் அதுதான் முன்னால் வரும்.

"மார்ஷ்மெல்லோ சோதனை படித்தேன். சின்ன வயதில் பொறுமை இல்லாத பிள்ளை பின்னால் தோற்றுப்போகுமா?"

இந்தப் பயத்தை விட்டுவிடலாம். ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, காத்திருந்தால் இன்னொன்று தருவேன் என்று சொல்லிப் பார்ப்பதுதான் சோதனை. காத்திருந்தவர்கள் பின்னாளில் நன்றாக வந்தார்கள் என்று பழைய ஆய்வுகள் சொன்னன. 2018-ல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவை வைத்துத் திரும்பப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியளவுதான் இருந்தது, குடும்பப் பின்னணியையும் ஆரம்பகாலத் திறன்களையும் கணக்கில் எடுத்ததும் இன்னும் பெரிய அளவில் சுருங்கியது. சொன்ன வாக்கைப் பெரியவர்கள் காப்பாற்றுவார்கள் என்று நம்ப வாய்ப்பே கிடைக்காத பிள்ளை ஏன் காத்திருக்க வேண்டும்? பொறுமையைச் சோதிப்பதை விட, சொன்னதைச் செய்யும் பெரியவராக இருப்பது பலன் தரும்.

"பள்ளியில் தங்கமான பையன் என்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் வெடிக்கிறான். யார் சொல்வது உண்மை?"

இரண்டும் உண்மை. நாள் முழுக்க இழுத்துப் பிடித்துவைத்ததைப் பாதுகாப்பான இடத்தில் அவிழ்த்துவிடுகிறான், நாற்காலியைத் தள்ளும் பிள்ளையைப் பற்றி மேலே சொன்னது வீட்டுக்கும் பொருந்தும். வந்ததும் கேள்விகளை அடுக்காமல் கொஞ்ச நேரம் சும்மா விடுங்கள். ஆனால் இது தினமும் நடந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் பள்ளியில் எதையோ தாங்குவதற்கு அவன் அளவுக்கு மீறி உழைக்கிறான் என்பது ஆசிரியர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

"'யாரிடமும் சொல்லக் கூடாது' என்று பிள்ளை என்னிடம் ஒன்றைச் சொல்ல வந்தால் வாக்குக் கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். "நீ சொல்வதை ஊர் முழுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்றால் உதவி செய்யக்கூடியவரிடம் சொல்லியாக வேண்டும், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இப்படிச் சொன்னால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும் என்று பயப்படுகிறார்கள், நான் பார்த்தவரை பெரும்பாலான பிள்ளைகள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுகிறார்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள், சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதிவையுங்கள், அன்றைக்கே பொறுப்பானவரிடம் கொண்டுபோங்கள்.

செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று சாடையாகச் சொன்னால், நேராகக் கேளுங்கள்: "உயிரை விட வேண்டும் என்று நினைக்கிறாயா?" இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக மனதில் விதைக்கப்படாது, ஆய்வுகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. ஆம் என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியாக விடாமல், வீட்டாரையும் மருத்துவ உதவியையும் உடனே சேர்க்க வேண்டும்.

"எல்லாம் சரி, நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு எனக்கே பொறுமை போய்விடுகிறதே?"

போகும். எனக்கும் போயிருக்கிறது. ஒரு பள்ளியில் வேலை பார்த்தபோது, பென்சிலைத் தட்டிக்கொண்டே இருந்த ஒரு சிறுவனை வகுப்பு முன்னால் மிகக் கடுமையாகத் திட்டிவிட்டேன். அவன் அழவில்லை, பென்சிலைப் பைக்குள் வைத்துவிட்டு அன்று முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் அதே வகுப்பு முன்னால், "நேற்று உன்னிடம் அப்படிப் பேசியது தப்பு. எனக்குத் தலைவலி, ஆனால் அது உன் குற்றம் இல்லை" என்று சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அவன் தன் நண்பனிடம், "எனக்குக் கோபம் வந்துச்சு, ஆனா உன் மேல இல்ல" என்று சொல்வதைக் கேட்டேன்.

ஆனால் இதைத் தனி ஆசிரியரின் பொறுமையை மட்டும் நம்பி ஒரு பள்ளி நடத்தக் கூடாது. பொறுமை தீர்ந்த நேரத்தில் ஐந்து நிமிடம் வகுப்பைப் பார்த்துக்கொள்ள அடுத்த வகுப்பு ஆசிரியர் வர முடிய வேண்டும், கஷ்டமான ஒரு நாளைப் பற்றிப் பேசினால் வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் என்று முத்திரை குத்தாத தலைமை வேண்டும். தலைமை ஆசிரியர்கள் இதைப் படித்தால், பிள்ளைகளுக்கான திட்டத்தை வாங்குவதற்கு முன்னால் ஆசிரியர்களிடம் இந்த வாரம் எப்படிப் போனது என்று கேட்டுவிட்டு, பதிலைக் கடைசி வரை கேளுங்கள்.